கிராம சபையில் வெற்று நோட்டில் கையெழுத்து: உங்கள் ஊரில் எப்படி?

நான் போனது ஒரு தெருவிளக்குக்காக. மே 1, பள்ளிக்கூட வளாகத்தில் சாமியானா, ஓரமாக வரவு செலவு பேனர் (எழுத்து அவ்வளவு பொடி, மூக்கு உரச நின்றால்தான் தெரியும்). நுழைந்ததும் நோட்டை நீட்டினார்கள். தீர்மானம் எழுத வேண்டிய பக்கங்கள் எல்லாம் காலி, பின்னால் கையெழுத்து மட்டும் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒண்ணுமே எழுதலையே" என்றேன். "அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம் தம்பி, போட்டுட்டு உக்காருங்க."

எங்கள் ஊராட்சியில் நாலாயிரம் பேருக்கு மேல். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பந்தலில் பாதிகூட இல்லை, இருந்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் வராவிட்டால் நூறு நாள் வேலை கிடைக்காதோ என்ற பயத்தில் வந்த பெண்கள்.

எழுதி வாசித்தால்தான் போடுவேன் என்று நின்றேன். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான், பொய் சொல்வானேன். அப்போது எனக்குப் பின்னால் இருந்த அப்பத்தா, "படிச்ச புள்ளையே போடல, நான் மட்டும் எதுக்கு ரேகை வைக்கணும்?" என்று மையில் வைக்கப் போன விரலை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான், வரிசை நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் எழுதி வாசித்தார்கள். பாதி மேலதிகாரிகள் பேசச் சொல்லி அனுப்பிய விஷயங்கள், டெங்கு, பிளாஸ்டிக் என்று. நடுவே செலவினத்துக்கு ஒப்புதல், அதில் மோட்டார் பழுது மூன்று தடவை. ஓடாத மோட்டாருக்கு எத்தனை பழுது என்று யாரோ கத்த, ரசீதை அடுத்த கூட்டத்தில் காட்டுவதாகச் சொன்னார்கள். ஆகஸ்ட் 15-ல் கேட்டோம், உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று எல்லோரையும் எழுப்பி நிறுத்திவிட்டார்கள். விளக்கு மட்டும் எரிகிறது.

மேலே எழுதியவருக்கு:

வாசித்தால் மட்டும் போதாதுங்க. நாங்கள் மதுக்கடையை அகற்றச் சொல்லித் தீர்மானம் போட்டு, வாசித்ததைக் கேட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தோம். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி நகல் வாங்கினால், 'அகற்ற வேண்டும்' என்றது 'அகற்றுவது குறித்துப் பரிசீலிக்கலாம்' ஆகியிருந்தது, அதற்குக் கீழே நாங்கள் பார்த்தே இராத இரண்டு தீர்மானம் வேறு. 2025 ஜனவரியோடு தலைவர், வார்டு மெம்பர் பதவிக்காலமும் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார், பழைய கதையைக் கேட்டால் எனக்குத் தெரியாது என்கிறார். இப்போதெல்லாம் கடைசித் தீர்மானத்துக்கு அடியில் கோடு போடச் சொல்லி, அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்த பிறகுதான் பேனாவைத் தொடுகிறோம். உங்கள் அப்பத்தாவிடமும் சொல்லி வையுங்கள்.