மலிவு சாகசக் கதைகள் பிறந்தது மரக்கூழ்க் காகிதத்தாலா, தபால் கட்டணத்தாலா?

கடைசிப்பக்கம்:

மலிவுத் தாளில் வந்த அமெரிக்கக் கதை இதழ்களின் “பல்ப்” (pulp, கூழ்) என்ற பெயரே மரக்கூழிலிருந்து வந்ததுதான். அமெரிக்கப் பதிப்பாளர் ஃபிராங்க் மன்சி 1896-ல் தன் “ஆர்கோசி” இதழை முழுக்க முழுக்கக் கதை இதழாக்கினார். அதே ஆண்டு டிசம்பரில் மட்டமான மரக்கூழ்த் தாளுக்கு மாறினார். 192 பக்கம், சுமார் 1,35,000 சொற்கள், விலை 10 சென்ட். படம் கிடையாது, அட்டையில்கூட. ஓரமும் வெட்டவில்லை. கந்தல்துணியில் செய்த காகிதத்தை வைத்து இத்தனை பக்கத்தை இந்த விலைக்குக் கொடுத்திருக்கவே முடியாது. மலிவுக் கதையின் வரலாறு காகிதத்தின் வரலாறுதான் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

அஞ்சல்முத்திரை:

மறுக்கிறேன். கதையை ஐம்பது ஆண்டு தள்ளி ஆரம்பிக்கிறீர்கள்.

லண்டனில் பதிப்பாளர் எட்வர்ட் லாய்ட் வாரம் ஒரு பென்னிக்குத் தொடர்கதைப் பகுதிகளை விற்றது 1840-களில். மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையை ஜெர்மனியில் கெல்லர் கண்டதே 1844 வாக்கில்தான். அமெரிக்காவில் அரைத்த மரக்கூழ் வணிக அளவில் வந்தது 1867-ல், மாசசூசெட்ஸில். அமெரிக்கப் பதிப்பகமான பீடில் நிறுவனத்தின் முதல் பத்து சென்ட் நாவலோ 1860 ஜூனிலேயே வந்துவிட்டது. ஆக, இரண்டு பெரிய அலைகள் எழும்பி ஊரெல்லாம் பரவியபோது மரக்கூழ் காட்சியிலேயே இல்லை.

பிரிட்டனில் நடந்தது வரி விவகாரம். 1815 முதல் 1836 வரை செய்தித்தாள் ஒவ்வொன்றுக்கும் 4 பென்ஸ் முத்திரை வரி. அதன் பிறகு 1 பென்னி. 1855-ல்தான் அதுவும் போனது. செய்தி இல்லாத கதைத்தாளுக்கு இந்த வரி கிடையாது. கூலி வேலை செய்பவர் கையிலிருந்த ஒற்றைப் பென்னிக்குச் சட்டத்துக்கு உட்பட்டு விற்கக்கூடிய பண்டமாகக் கதை ஆனது அதனால்தான்.

கடைசிப்பக்கம்:

வரி என்றால் முழுக்கச் சொல்லுங்கள். காகிதத்துக்கும் வரி இருந்தது. 1836-ல் குறைத்த பிறகும் ராத்தலுக்கு ஒன்றரைப் பென்ஸ். செய்தி அச்சடித்தாலும் கதை அச்சடித்தாலும் ஒன்றுதான். 1861-ல்தான் அது ஒழிந்தது. அதன் பின் லாய்ட் செய்தது என்ன? காகிதம் செய்ய உதவும் எஸ்பார்ட்டோ புல்லுக்காக அல்ஜீரியா வரை போய் நிலம் பிடித்தார். கதை விற்றும் செய்தித்தாள் நடத்தியும் வளர்ந்த ஒரு பதிப்பாளர் புல்வெளியைத் தேடி ஏன் கடல் தாண்டுகிறார்? காகிதம்தான் கழுத்தைப் பிடித்தது என்பதால்.

பாரம்மடிப்பவர்:

இருவருமே அச்சுக்கூடத்துக்குள் நுழையாமல் பேசுகிறீர்கள். ஒரு பென்னிப் பகுதி எப்படி உருவாகும் என்று பார்த்தால் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும்.

வழக்கமான பகுதி 8 பக்கம். இரண்டு பத்தி, பொடி எழுத்து, முதல் பக்கத்தில் மரச்செதுக்குப் படம். இதற்குச் சிக்கனமான வழி, எட்டுப் பக்கத்தையும் ஒரே பாரத்தில், அதாவது கோத்த எழுத்துகளை இறுக்கிப் பிடிக்கும் ஒரே சட்டத்தில், பூட்டுவது. தாளின் ஒரு புறம் அடித்து, தாளைத் திருப்பி, அதே பாரத்தால் மறுபுறமும் அடித்து, நடுவில் வெட்டினால் ஒரு தாளிலிருந்து இரண்டு பிரதிகள் கிடைக்கும். பாரம் பூட்டும் வேலை ஒரு முறைதான். ஆனால் தாளைத் திருப்பும்போது பிடிமான விளிம்பு (அச்சு எந்திரம் தாளைப் பிடிக்கும் ஓரம்) மாறிவிட்டால் 1-ம் பக்கத்தின் பின்னால் 2-ம் பக்கம் வராமல் வேறு பக்கம் வந்து உட்காரும். அடித்தது முழுக்க வீண்.

எழுத்துக் கோத்ததும் அதன் மேல் வார்ப்பச்சு எடுத்து, அச்சடிக்கும் தகடு வார்த்துவிடுவார்கள். ஈய எழுத்துகள் அடுத்த வாரத்துக்குக் கிடைத்துவிடும். தகடு அலமாரிக்குப் போகும். தொடர் பிடித்துக்கொண்டால் மறுபடி கோக்காமல் பழைய பகுதிகளை அடித்துக்கொண்டே இருக்கலாம். 1866-ல் தொடங்கிய வழிப்பறிக்காரன் கதை ஒன்று 254 பகுதிகள் ஓடியது. நடுவில் வந்து சேரும் வாசகருக்கு முதல் பகுதியைக் கொடுக்கத் தகடு கைவசம் இருந்தாக வேண்டும்.

எட்டாம் பக்கம் நிறைந்ததும் பகுதி முடிந்தது. வாக்கியம் முடிந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. பாதி வாக்கியத்தில் நின்று, மீதி அடுத்த வாரம் வரும். இதைப் பலர் வாசகரை இழுக்கும் உத்தி என்று எழுதுகிறார்கள். பாரத்தின் அளவு செய்த வேலை அது.

இனி பணக்கணக்கு. கடைசிப்பக்கம் சொன்ன 1,35,000 சொற்களையே எடுப்போம். பல்ப் இதழ்களில் பேர்போன விகிதமான சொல்லுக்கு ஒரு சென்ட் என்று வைத்தால், இதழுக்கு எழுத்துக்கூலி 1,350 டாலர். 20,000 பிரதி விற்றால் பிரதிக்கு 6.75 சென்ட். பத்து சென்ட் விலையில் கடைக்காரர் பங்கும் முகவர் பங்கும் போனால் இதழ் மூடவேண்டியதுதான். 5,00,000 பிரதி விற்றால் அதே கூலி பிரதிக்கு 0.27 சென்ட். விற்பனை எண்ணிக்கை கூடினால்தான் விலை இறங்கும். தாள் எவ்வளவு மலிவானாலும் 20,000 பிரதியில் அந்த இதழ் தேறாது.

அஞ்சல்முத்திரை:

அந்த எண்ணிக்கையை எட்ட வைத்தது எது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் 1879 மார்ச் 3-ம் தேதிச் சட்டம் தபாலை வகுப்புகளாகப் பிரித்தது. மூன்றாம் வகுப்பில் புத்தகம், 2 அவுன்ஸுக்கு ஒரு சென்ட், அதாவது ராத்தலுக்கு 8 சென்ட். இரண்டாம் வகுப்பில் பருவ இதழ், ராத்தலுக்கு 2 சென்ட். 1885-ல் அது 1 சென்ட்டாக இறங்கியது. ஒரே கதை, ஒரே எடை. “புத்தகம்” என்றால் எட்டு மடங்கு கட்டணம்.

இரண்டாம் வகுப்புக்குத் தகுதி என்ன தெரியுமா? ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை குறித்த இடைவெளியில் வர வேண்டும். தேதியும் வரிசை எண்ணும் வேண்டும். வெளியிடும் அலுவலகம் தெரிந்திருக்க வேண்டும். முறையான சந்தாதாரர் பட்டியல் வேண்டும். அட்டைப் பலகை, துணி, தோல் போன்ற கெட்டியான கட்டு இருக்கக் கூடாது.

இப்போது அந்தக் காலத்து ஐந்து சென்ட் “நூலக” வரிசை ஒன்றைக் கண்முன் நிறுத்துங்கள். முழுக்கதை ஒன்று, ஆனால் தலைப்பில் தேதி, வரிசை எண், சந்தா விவரம், இரண்டாம் வகுப்புத் தபால் என்ற பதிவுக் குறிப்பு. அது நாவல்தான். தபால் அலுவலகத்தின் முன்னால் மட்டும் வாரப் பத்திரிகை. ஒரே நாயகன் வாராவாரம் திரும்பி வந்ததற்கும் இதில் பங்குண்டு, வரிசையாக வரும் பண்டத்துக்குத்தான் இந்தச் சலுகை. 1901-ல் தபால் துறை நெருக்கியபோது இப்படிப்பட்ட நாவல் வரிசைகள்தான் முதலில் மாட்டின.

கடைசிப்பக்கம்:

சந்தா விவரம் அச்சிட்டிருப்பதால் பிரதிகள் தபாலில்தான் போயின என்று ஆகாது. பெரும்பகுதி கடைகளில் விற்றவை.

அஞ்சல்முத்திரை:

கடைக்கு எப்படிப் போயின? செய்தி முகவர்களுக்கு அனுப்பும் கட்டுக்கும் அதே இரண்டாம் வகுப்புக் கட்டணம்தான். 1879 சட்டத்திலேயே அது இருக்கிறது.

கடைசிப்பக்கம்:

சரி, அதை ஏற்கிறேன். 1879-க்குப் பிந்திய ஐந்து சென்ட் வரிசைகளின் வடிவத்தைத் தபால் சட்டம்தான் வெட்டித் தைத்தது. ஆனால் 1860-ன் பீடில் நாவல்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவையும் பத்து சென்ட்தான். எனவே தபாலை மூலகாரணம் என்று நிறுத்தவும் முடியாது. இன்னொன்று, மரக்கூழ்த் தாளின் பருமனை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வழவழப்பாகும்படி உருளையில் அழுத்தப்படாத அந்தத் தாள் ஊதிக்கொண்டு நிற்கும். கடையில் கையில் எடுத்தால் “நிறையக் கிடைக்கிறது” என்று தோன்றும். பல்ப் இதழின் விற்பனையில் அந்தத் தடிமனுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

தூசுதட்டி:

எந்தத் தாள் எப்போது வந்தது என்ற சண்டையைப் பிரதியே தீர்த்துவைக்கும். 1840-களின் பென்னிப் பகுதித் தாள் பெரும்பாலும் இன்றும் வளையும். 1930-களின் பல்ப் இதழ் மூலையை மடித்தாலே ஒடியும். அரைத்த மரக்கூழில், மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது, வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும். ஒடிவதற்குக் காரணம் வேறு. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்ப்பார்கள். அதிலிருந்து வரும் அமிலம் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக அறுக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். லிக்னின் இல்லாத கந்தல் தாளும் படிகாரத்தால் ஒடியும்.

சோதிக்க ஃபுளோரோகுளுசினால் என்ற வேதிப்பொருளின் கரைசல் ஒரு சொட்டுப் போதும், அரைத்த மரக்கூழ் இருந்தால் அடர் சிவப்பாகும். கறை போகாது, கரைசலிலும் கடும் அமிலம் உண்டு. ஏற்கெனவே உதிர்ந்த துணுக்கில் மட்டுமே செய்யுங்கள். அமிலம் காட்டும் பேனாவுக்கும் இதே விதி.

பல்ப் இதழைப் பக்கவாட்டில் கம்பி குத்தி, அட்டையை முதுகில் பசையால் ஒட்டியிருப்பார்கள். 90 பாகைக்கு மேல் விரித்தால் கம்பியை ஒட்டித் தாள் ஒடியும், முதுகு அட்டை பிளக்கும். ஸ்கேன் செய்ய விரும்புவோர் தட்டை ஸ்கேனரில் அமுக்காதீர்கள், V வடிவத் தாங்கியில் வைத்து மேலிருந்து படமெடுங்கள். ஒட்டுநாடா எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். பசை தாளுக்குள் ஊறி மஞ்சளாகும். பாலியெஸ்டர் உறை, உள்ளே அமிலத்தை முறிக்கக் காரம் சேர்த்த அட்டை, இருட்டு, 18 பாகை செல்சியஸ் அளவில் குளிர்ச்சி, 30 முதல் 50 சதவீதத்துக்குள் ஆடாத ஈரப்பதம். பி.வி.சி. உறையில் போட்டால் அதுவே ஆவி விட்டுக் கெடுக்கும்.

ஓரத்தைச் சமமாக வெட்டியிருந்தால் கவனியுங்கள். வெட்டாத ஓரத்தோடு வந்த இதழைப் பின்னாளில் யாரோ “அழகாக்கி” இருக்கலாம். அகலத்தையும் உயரத்தையும் அதே மாத இன்னொரு பிரதியோடு ஒப்பிடாமல் வாங்க வேண்டாம்.

பாரம்மடிப்பவர்:

நன்றி, சேகரிப்பவர்கள் சேமித்துவைக்க வேண்டிய பதிவு. வாதத்துக்கு வருகிறேன். பிறப்பைவிட இறப்பைப் பார்த்தால் விடை எளிது. காகிதம்தான் உயிர் என்றால் காகிதத் தட்டுப்பாடு கொன்றிருக்க வேண்டும்.

கடைசிப்பக்கம்:

கொன்றதே. போர்க்கால ஒதுக்கீட்டில்தான் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனத்தின் அறிவியல் புனைகதை இதழ் 1943 நவம்பரில் சிறிய டைஜஸ்ட் அளவுக்குச் சுருங்கியது.

அஞ்சல்முத்திரை:

சுருங்கியது, சாகவில்லை. போர் முடிந்து தாள் திரும்பிய பிறகுதான், 1949-ல், அந்த நிறுவனம் தன் பல்ப் இதழ்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிறுத்தியது. 1939-ல் தொடங்கிய 25 சென்ட் பாக்கெட் நூல்கள் அதற்குள் கடைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டன. தாங்கியில் இடம் கிடைக்காத இதழ் விற்காமல் திரும்பி வரும். 1957-ல் இதழ்களைக் கடைகளுக்கு அனுப்பிவந்த அமெரிக்கன் நியூஸ் கம்பெனி விநியோகத்தைக் கைவிட்டபோது, மிச்சமிருந்த சிறு கதை இதழ்கள் பல கடைக்குப் போக வழியில்லாமல் நின்றன. அன்று காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை.

கடைசிப்பக்கம்:

1949-க்கு உங்கள் விளக்கம் சரி. ஆனால் அந்த 25 சென்ட் பாக்கெட் நூலும் மலிவான மரக்கூழ்த் தாளில்தான் வந்தது. கதையும் வாசகரும் தாளும் அங்கே குடிபெயர்ந்தன, தைப்பும் அளவும்தான் மாறின. உங்கள் கணக்கில் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?