நாலு மாதக் குட்டிக்கு எலும்பு: மாமியாருக்கும் எனக்கும் பஞ்சாயத்து

அல்சூர் மாடிவீடு
ஞாயிறு இரவு 9.40

வணக்கம். வீட்டில் ஒரு வழக்கு, தீர்ப்பு சொல்லுங்கள். பொரி என்று ஒரு லாப்ரடார் பெண் குட்டி. நாலு மாதம், பதிமூன்று கிலோ. பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். காலையும் இரவும் பெரிய இனக் குட்டிகளுக்கான பாக்கெட் தீனி, மதியம் தயிர்சாதம். அதோடு காலையில் ஒரு மூடி கால்சியம் டானிக், அக்கம்பக்கத்தில் சொன்னதால்.

ஞாயிற்றுக்கிழமைதான் வம்பு. சேலத்திலிருந்து மாமியார் வந்திருக்கிறார். மட்டன் குழம்பில் கிடக்கும் எலும்பைக் குழாயில் அலசி, "வளர்ற பிள்ளை, எலும்பு தின்னாத்தான் எலும்பு கெட்டியாகும்" என்று தட்டில் போட்டுவிடுகிறார். போன வாரம் கோழிக்கால் எலும்பும் போட்டார். பிடுங்கப் போனால் பொரி உறுமுகிறது. மாமியாரும்தான். மறுநாள் காலை அது போனது வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. முக்கி முக்கித்தான் போனது.

எலும்பு கொடுக்கலாமா? கொடுப்பதானால் எது, எவ்வளவு?

கம்மஞ்சோறு

தாராளமாகக் கொடுங்கள் தம்பி. மாமியார் சொல்வதுதான் சரி. எனக்கு ராஜபாளையம் பக்கம். இப்போது கே.ஆர்.புரத்தில் இருக்கிறேன். வீட்டில் ஒன்பது வயதில் ஒரு சிப்பிப்பாறை நாய், இன்றைக்கும் மாடிப்படியை மூன்று தாவலில் ஏறுகிறது. கம்பங்கூழ், கேழ்வரகுக் கஞ்சி, கறி எடுத்த அன்றைக்கு எலும்பு. இவ்வளவுதான் அதன் வாழ்நாள் சாப்பாடு. பாக்கெட் கம்பெனிக்காரன் வருவதற்கு முன்னால் ஊரில் நாய்களே இல்லையா? சிவாஜிநகரில் போய்ப் பாருங்கள், தெருநாய்கள் ராத்திரி முழுக்கப் பிரியாணிக்கடைக் கோழி எலும்பைத்தான் தின்கின்றன. எது செத்தது?

ஃபிரேசர் டவுன் அக்கா

எது செத்தது என்று யார் போய் எண்ணினார்கள் அண்ணா? செத்ததை மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வயிற்றைக் கிழித்துப் பார்த்து ஏன் என்று எழுதி வைக்கிறவர் யாருமில்லை.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் ரோஸிக்கு ஆறு மாதம் இருக்கும்போது கறிக்கடையில் நல்லி எலும்பை வட்டம் வட்டமாக வெட்டி வாங்கி வந்தேன். நடுவில் மஜ்ஜை இருக்குமே, நக்கித் தின்னட்டும் என்று. ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், அந்த எலும்பு வளையம் அவளுடைய கீழ்த்தாடையில் மோதிரம் மாதிரி ஏறி, கோரைப்பல்லைத் தாண்டி மாட்டியிருக்கிறது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. எச்சில் ஒழுக ஒழுக முன்னங்காலால் தாடையைப் பிறாண்டுகிறாள். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். வீங்கியதுதான் மிச்சம். ஆட்டோ பிடித்து ஒரு கிளினிக் போனால், "ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இல்லை" என்றார்கள். இரண்டாவது இடத்தில் மயக்க ஊசி போட்டு, சின்ன ரம்பம் வைத்து அறுத்து எடுத்தார்கள். அறுபட்ட இரண்டு துண்டும் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. யாராவது "எலும்பு போடு" என்றால் எடுத்துக் காட்டுவேன்.

பச்சைக்கறி

இரண்டு பேரும் பாதிதான் சொல்கிறீர்கள். ஆபத்து எலும்பில் இல்லை, வேகவைப்பதில் இருக்கிறது. பச்சைக் கோழிக் கழுத்தைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், வளையும். அதையே குழம்பில் போட்டு எடுத்து உடையுங்கள், ஊசி ஊசியாகப் பிளக்கும். நாய் என்பது ஓநாய் வம்சம். ஓநாய் என்ன குக்கர் வைத்தா சாப்பிட்டது? நான் சனிக்கிழமை காலை ரசல் மார்க்கெட்டில் கழுத்தும் பாதமும் வாங்கி அப்படியே கொடுக்கிறேன். பல் வெள்ளை வெளேர். அரிசியும் தயிரும் நாய்ச் சாப்பாடே இல்லை.

கம்மஞ்சோறு

ஓநாய்ப் பேச்சு எடுத்ததால் சொல்கிறேன். 2013-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸ் மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பிரதிகள் இருக்கிறது. மனிதனோடு சேர்ந்து சோறு தின்று பழகிய பிராணி ஐயா அது. என் பையன்தான் படித்துச் சொன்னான். கம்பங்கூழ் தின்ற சிப்பிப்பாறைக்கு அந்தக் கட்டுரை தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

இந்திராநகர் பூனைக்காரி

ஆளுக்கு ஒரு எலும்பை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறீர்கள். பொரி யார் தட்டைப் பார்க்கிறதாம்?

கடைசி பெஞ்ச்

ஹெப்பாளில் கால்நடை மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறேன். இன்னும் டாக்டர் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

முதலில் மாடிவீடு சார், அந்தக் கால்சியம் டானிக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். எலும்பைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பெரிய இனக் குட்டிக்கான தீனியில் கால்சியம் ஏற்கெனவே அளந்து போட்டிருக்கிறது. வளர்ந்த நாய் வேண்டாத கால்சியத்தை உடம்புக்குள் விடாமல் தடுத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டிக்கு அந்தத் திறமை சரியாக வந்திருக்காது. தீனி, டானிக், எலும்பு என்று மூன்று வழியில் ஏற்றினால், வேகமாக வளர்கிற லாப்ரடாருக்கு மூட்டும் கால் எலும்பும் கோணும். எலும்பு கெட்டியாகட்டும் என்று கொடுத்ததே எலும்பைக் கெடுக்கும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வெறும் கறியும் சோறும் போட்டால் கால்சியம் பற்றாது. நூறு கிராம் கோழிக்கறியில் கால்சியம் பதினைந்து மில்லிகிராம்கூடத் தேறாது, பாஸ்பரஸோ இருநூறு பக்கம். குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று, கால்சியம் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு தன் எலும்பையே கரைத்துக் கால்சியம் எடுத்துக்கொள்ளும். வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்றால் முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்துச் சேர்ப்பார்கள். ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கும். எவ்வளவு என்பதை டாக்டர் கணக்குப் போட்டுத் தரட்டும். கம்மஞ்சோறு ஐயாவின் கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூற்று ஐம்பது மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அரிசியில் அது கிட்டத்தட்ட இல்லை. ஊர்க்காரர்கள் கணக்குப் போடாமலே நல்ல தானியத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

தயிர்சாதம் கெடுதல் இல்லை. ஆனால் வளர்கிற குட்டியின் தீனியில் ஈரம் போக நூற்றுக்கு 22.5 பங்காவது புரதம் வேண்டும் என்பது அமெரிக்கத் தீனித் தரம். அரிசியில் ஏழு பங்குதான். மதியச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து, உப்பு போடாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழியோ முட்டையோ போடுங்கள்.

இன்னொன்று, குழம்பு எலும்பை அலசினால் போதும் என்பது தவறு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு மணிநேரம் குழம்பில் ஊறிய எலும்பைக் குழாயில் காட்டினால் சாறு போய்விடாது.

பச்சைக்கறி

டாக்டர் தம்பி என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பச்சை எலும்பு?

கடைசி பெஞ்ச்

வேகவைத்ததைவிடப் பச்சை எலும்பு சிம்பு சிம்பாக உடைவது குறைவு, ஒப்புக்கொள்கிறேன். வெந்தால் உள்ளே பிடித்து வைத்திருக்கிற கொலாஜன் என்கிற புரதம் போய், சுண்ணாம்பு மட்டும் மிஞ்சும். ஆனால் பச்சைக் கோழியில் சால்மொனெல்லா என்கிற பேதிக் கிருமி வரும். நாய்க்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அது தின்ற வாயோடு யார் முகத்தை நக்குகிறது? வயதான மாமியார் இருக்கிற வீடு. அப்புறம் கழுத்தை மெல்லாமல் விழுங்குகிற லாப்ரடார்களைக் கிளினிக்கில் நானே பார்த்திருக்கிறேன்.

பல் விஷயமும் இருக்கிறது. நாலு மாதத்தில் 28 பால் பல்லும் ஒவ்வொன்றாக விழ ஆரம்பிக்கும். ஏழு மாதத்துக்குள் 42 பல் வந்துவிடும். ஆட்டுத் தொடை எலும்பு மாதிரி கெட்டியானதைக் கடித்தால் மேல் கடைவாயில் இருக்கிற பெரிய வெட்டுப்பல் பலகை பெயர்வதுபோலப் பிளக்கும். உள்ளே இருக்கிற நரம்பு வெளியே தெரியும். கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துங்கள். நகம் பதியாத எதையும் குட்டி வாயில் கொடுக்க வேண்டாம்.

கம்மஞ்சோறு

அப்படியானால் மென்று விளையாட அதற்கு என்னதான் கொடுப்பது? ரிமோட்டையா? குக்கரில் பத்து விசில் விட்டு, விரலில் நசுங்குகிற மாதிரி வேகவைத்துத்தான் நான் கோழி எலும்பு கொடுக்கிறேன். அதையும் தப்பு என்பீர்களா?

கடைசி பெஞ்ச்

விரலில் மாவாக நசுங்கினால் குத்துகிற பயம் குறைவுதான். கால் எலும்பின் முனை எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கல்லாக நிற்கும், அதைப் பொறுக்கி எறியுங்கள். உங்கள் நாய் பாக்கெட் தீனி தின்பதில்லை, வளர்ந்து முடிந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் எலும்பு மாவு போனால் பரவாயில்லை. பொரிக்கு அப்படி இல்லை.

ஃபிரேசர் டவுன் அக்கா

மெல்ல ரோஸிக்கு நான் கொடுத்ததைச் சொல்கிறேன். பழைய பனியன் துணியை நனைத்து முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தேன், ஈறு ஊரலுக்கு அது சொர்க்கம். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், நூல் பிரிந்தால் விழுங்கிவிடும். குழிவான ரப்பர் பொம்மைக்குள் தயிரும் கோழியும் அடைத்து உறைய வைத்தால் அரை மணிநேரம் வீடு அமைதி. கடையில் தொங்குகிற தோல் முடிச்சு எலும்பு மட்டும் வேண்டாம். ஊறினால் வழவழவென்று கட்டியாகத் தொண்டையில் போய் நிற்கும்.

பசிக்கிற மாதிரி பார்க்கிற லாப்ரடார் கண்ணையும் நம்பாதீர்கள். 2016-ல் கேம்பிரிட்ஜில் பார்த்தபோது, ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்குவதைச் சொல்கிற பி.ஓ.எம்.சி. மரபணுவிலேயே ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. தின்று முடித்த தட்டை இன்னும் ஒரு மணிநேரம் நக்கும்.

பச்சைக்கறி

நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் கழுத்தை வீட்டுக்குள் கொடுக்காமல் பால்கனியில் கொடுத்துக் கழுவிவிடுகிறேன், சரியா?

அல்சூர் மாடிவீடு
அடுத்த ஞாயிறு மதியம் 3.15

டானிக்கை நிறுத்தியாயிற்று. தயிர்சாதத்தில் முட்டை ஏறியிருக்கிறது. அக்கா சொன்ன அறுத்த வளையத்தின் கதையை மாமியாருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். முதல் முறை "ம்" என்றார், இரண்டாம் முறை பேசாமல் எழுந்துபோனார். இன்று மட்டன் எடுத்தோம். எலும்பையெல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கி, பால் கவரில் போட்டு முடிந்து, ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். குப்பைவண்டி நாளைக் காலைதான் வருமாம், அதுவரை குட்டிக்கு எட்டக் கூடாதாம். பொரி ஃப்ரிட்ஜுக்குக் கீழேயே படுத்திருக்கிறது.

ஒரு சந்தேகம். மாமியாரின் செருப்பு வாரில் நேற்று ஒரு பல் குத்திக்கொண்டு நின்றது, அரிசி அளவுதான். மேல் கோரைப்பல்லும் ஒரு பக்கம் இரண்டாகத் தெரிகிறது, பழையது ஒன்று, அதற்கு முன்னால் புதியது ஒன்று. இது சரியா?

கடைசி பெஞ்ச்

செருப்பில் கிடைத்தது பால் பல், பயப்பட வேண்டாம். பெரும்பாலும் விழுங்கிவிடும், உங்களுக்குக் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம். இரண்டாக நிற்கிற கோரைப்பல்லைச் சில வாரம் பாருங்கள். புதியது முழுக்க வளர்ந்தும் பழையது விழவில்லை என்றால் டாக்டரிடம் காட்டி எடுத்துவிடுங்கள், இடையில் சோறு சிக்கி ஈறு கெடும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற கிளினிக் எது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்மஞ்சோறு

மட்டன் எலும்பைக் குப்பைவண்டியில் போடாதீர்கள் தம்பி. வெங்காயம் சேர்க்காமல் தனியாக வேகவைத்து, தண்ணீரை மட்டும் வடித்து, ராகிக் கஞ்சியில் ஊற்றுங்கள். இதற்காவது டாக்டர் தம்பி ஒத்துக்கொள்வாரா?

கடைசி பெஞ்ச்

உப்பில்லாமல், ஆறிய பிறகு மேலே படிகிற கொழுப்பை எடுத்துவிட்டு. ஒத்துக்கொள்கிறேன் ஐயா.