சைன்(30எக்ஸ்) வரைந்தால் ஒன்றரை அலைதான் வருகிறது, கால்குலேட்டர் பழுதா?

கேள்வி (மின்னியல், இரண்டாம் ஆண்டு):
வணக்கம். சீனியர் அக்கா ஒருவர் படிப்பை முடித்துப் போகும்போது தன் டிஐ-84 பிளஸ் வரைபடக் கால்குலேட்டரை எனக்குக் கொடுத்தார். பழைய கறுப்பு வெள்ளைத் திரை மாடல். பட்டன்களில் எழுத்துத் தேய்ந்திருந்தாலும் இதுவரை ஒரு குறையும் இல்லை. நேற்று சைன்(30எக்ஸ்) வரைந்தேன். எக்ஸ் -10 முதல் 10 வரை, ஒய் -2 முதல் 2 வரை. கணக்குப்படி 95 அலை வரவேண்டும். திரையில் வந்ததோ நிதானமான ஒன்றரை அலை! பேட்டரி நான்கையும் மாற்றியும் அதேதான். அக்கா அவ்வளவு ஆசையாக வைத்திருந்த பொருள், என்னிடம் வந்து கெட்டுவிட்டதோ என்று மனசே சரியில்லை.

பதில் 1:
மோட், அதாவது கோண அலகு, டிகிரியில் இருக்கும். டிகிரி என்றால் அந்த விண்டோவில் (நீங்கள் வைத்த எக்ஸ், ஒய் எல்லைக்குள்) மொத்தமே 600 டிகிரி, சுமார் ஒன்றரை அலைதான் வரும். ரேடியனுக்கு மாற்றுங்கள்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன் அண்ணா, ரேடியன்தான். சைன்(30) அடித்தால் -0.988 வருகிறது. டிகிரியாக இருந்தால் 0.5 வந்திருக்குமே.

பதில் 2:
நல்ல சோதனை தம்பி. அப்படியானால் கால்குலேட்டரில் பழுது எதுவும் இல்லை. கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக நகரவைக்கும் டிரேஸை அழுத்தி, எக்ஸ் 0-இல் இருந்து வலது அம்புக்குறியை ஒரே ஒரு முறை தட்டுங்கள். எக்ஸ் 0.21276596 என்று காட்டும். திரையின் 96 புள்ளியில் படத்துக்குக் குறுக்கே 95 புள்ளி, அதாவது 94 தாவல். 20-ஐ 94-ஆல் வகுத்தால் வருவது அதுதான். அதை 30-ஆல் பெருக்கினால் 6.383. ஒரு முழு அலை 2 பை, அதாவது 6.283 ரேடியன். ஆக, ஒவ்வொரு தாவலிலும் ஒரு முழு அலையைத் தாண்டி, அடுத்த அலையில் துளிதான் நகர்கிறது. அந்தத் துளிகளைக் கோத்துத்தான் உங்களுக்கு ஒன்றரை அலை காட்டுகிறது. சினிமாவில் வண்டிச் சக்கரம் மெதுவாகச் சுற்றுவதுபோலத் தெரியுமே, அதே சங்கதி.

உறுதி செய்ய எக்ஸை -11 முதல் 11 வரை வையுங்கள். ஒன்றரை அலை 11 அலையாகிவிடும். பிறகு 0 முதல் 1 வரை வையுங்கள், உண்மையான அலை தெரியும்.

கேட்டவர்:
அப்படியே 11 வந்தது! 0 முதல் 1 வரை வைத்ததும் ஐந்துக்குச் சற்றுக் குறைவாக, அழகாக வருகிறது. வகுப்பில் மாதிரியெடுப்புத் தேற்றம் நடத்தினார்கள். ஓர் அலைக்கு இரண்டு புள்ளிக்கு மேல் வேண்டும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். அது என் கைக்குள்ளேயே நடக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

பதில் 3:
இதனால்தான் இந்தப் பெட்டியை எங்களால் விட முடியவில்லை. 1985-இல் வந்த காசியோ எஃப்எக்ஸ்-7000ஜி-தான் முதல் வரைபடக் கால்குலேட்டர். அதற்கும் 96-க்கு 64 புள்ளித் திரைதான், உங்களுடையதும் அதே அளவு. போனில் இதைவிட வழவழப்பாக வரையலாம். ஆனால் அங்கே ஒரு தாவலின் அளவு என்ன என்று யாரும் விரலால் தட்டிப் பார்ப்பதில்லை. இங்கே விண்டோவை நாமே வைக்கிறோம், தப்பாக வைத்தால் தப்பாகவே காட்டுகிறது, ஏன் என்று தோண்டினால் காரணமும் கிடைக்கிறது. பார்க்காமலே விரல் பட்டனுக்குப் போகும் அளவுக்குப் பழகிவிட்டால், பிறகு இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வராது. உங்கள் அக்கா கொடுத்திருக்கிறார்.

கேட்டவர்:
இன்றே அவரைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். எல்லோருக்கும் நன்றி.