அப்பாவுக்கு தயிர்சாதம் இறங்குது, தண்ணி குடிச்சா மட்டும் புரையேறுது, ஏன்?

திருச்சிப் பொண்ணு:
எங்க அப்பாவுக்கு 78 வயசு, ஆறு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துடுச்சு, வீட்ல பாத்துக்க ஆள் இல்லாம ஒரு முதியோர் இல்லத்துல விட்ருக்கோம், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் பாப்பேன். பிசைஞ்ச தயிர்சாதம் மெதுவா சாப்டுறாரு ஆனா தண்ணியோ ரசஞ்சாதமோ குடுத்தா உடனே இருமல். ரெண்டு தடவ நிமோனியான்னு ஆஸ்பத்திரில சேத்தாச்சு. இப்ப ஸ்பூனைப் பாத்தாலே வாயை இறுக்கி மூடிக்கிறாரு, அங்க இருக்க ஆயாம்மா பிடிவாதம் பண்றாருன்னு சொல்றாங்க. சோறே இறங்குதே, தண்ணி எப்படிங்க இறங்காம போகும்?

ஸ்பீச் தெரபிஸ்ட் கோவை:
பிடிவாதம்னு விட்றாதீங்கம்மா, அத்தன தடவ மூச்சு முட்டுன மனுசன் வாயை மூடத்தான் செய்வாரு. தண்ணி தொண்டைல சட்டுனு ஓடிரும், ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மூச்சுக்குழாய் மூடுறது லேட்டாகும், அந்த கேப்புல தண்ணி நுரையீரல் பக்கம் போயிருது. கெட்டியா இருந்தா மெதுவா இறங்கும், டைம் கிடைக்கும். ரசஞ்சாதம் இன்னும் கஷ்டம், பருக்கை நிக்கும் ரசம் முன்னாடி ஓடும். இருமலே வராம உள்ள போறதும் உண்டு, அதனால சாப்ட்டதும் குரல் கொரகொரன்னு சளி கட்டுன மாதிரி கேக்குதான்னு கவனிங்க. தண்ணிய கெட்டியாக்க பவுடர் இருக்கு, ஆனா அவருக்கு எவ்வளவு கெட்டி வேணும்னு நேர்ல பாக்காம சொல்லக் கூடாது. பேச்சு மட்டும் இல்ல, விழுங்குறதும் எங்க வேலைதான், கண்டிப்பா ஒருத்தர்கிட்ட காட்டுங்க.

மதுரை மருமக:
அக்கா, எப்படி குடுக்குறாங்கன்னு ஒரு தடவ பக்கத்துல நின்னு பாருங்க. எங்க மாமியாருக்கு படுக்க வெச்சே ஊட்டுனாங்க. அதுவும் இல்லாம நம்ம பக்கம் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிச்சே பழகுனவங்க, அண்ணாந்தா மூச்சுக்குழாய் பக்கம்தான் வழி திறக்குதுன்னு தெரபிஸ்ட் சொன்னப்ப எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. நிமிந்து உக்கார வெச்சு, சாப்ட்டு அரை மணி நேரம் படுக்க விடாம பாத்துக்கோங்க.

ரிட்டயர்ட் நர்ஸ்:
வாயை யாராச்சும் பாத்தீங்களாம்மா? எச்சில் நுரையீரல் பக்கம் போறப்ப வாய்ல இருக்க கிருமியும் சேந்துதான் போகும். ஜப்பான்ல 11 முதியோர் இல்லத்துல 417 பேரை வெச்சு ரெண்டு வருசம் பாத்தாங்க, 2002ல வந்த ஆய்வு அது, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் வேலையாட்களே பல் தேய்ச்சு விட்டவங்கள்ல நூத்துக்கு 11 பேருக்கு நிமோனியா, அப்படி செய்யாதவங்கள்ல 19 பேருக்கு. அவ்வளவு வித்தியாசம் ஒரு பிரஷ்ஷால. பல்செட் இருந்தா ராத்திரி கழட்டணும். மூக்குல டியூப் போட்டவங்களுக்கும் வாய் கழுவணும், நிறைய எடத்துல அத மறந்துடுறாங்க.

திருச்சிப் பொண்ணு:
இன்னிக்கு லீவு போட்டு போயிட்டு வந்தேன். பல்செட்டை கழட்டிப் பாத்தா அடில சோறு, ஈறெல்லாம் செவந்து போய் இருக்கு, ஸ்ட்ரோக்ல செயல் இழந்த வலது கன்னத்துக்குள்ள காலைல குடுத்த மாத்திரை பாதி கரைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. பாவம், சொல்லவும் தெரியல அவருக்கு. சுத்தம் பண்ணி உக்கார வெச்சு தயிர்சாதம் குடுத்தேன், பத்து ஸ்பூன் வாங்கிக்கிட்டாரு. புதன்கிழமை தெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டு போறோம். மாத்திரைய பொடிச்சு குடுக்கலாமா?

ரிட்டயர்ட் நர்ஸ்:
எல்லாத்தையும் பொடிக்காதீங்க, மெதுவா கரையுற மாத்திரைய பொடிச்சா மொத்த மருந்தும் ஒரேயடியா ஏறிடும். புதன்கிழமை எல்லா அட்டையையும் எடுத்துட்டு போய் டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க, சிலது சிரப்பாவே கிடைக்கும், அதையும் கெட்டியாக்கணுமான்னு கேட்டுக்கோங்க.