கணவாய்க்கு நிறம் தெரியாது

குழு: குளச்சல் வீட்டார்

8 ஜூன், ஞாயிறு

ஆண்டனி, காலை 10:14
[படம்]
சித்தப்பா, போன லீவில் வாங்கின கணவாய்த் தூண்டிலில், அந்த இறால் வடிவத் தூண்டிலில், மிச்சம் இது ஒன்றுதான். மற்ற மூன்றையும் முட்டம் பாறை வாங்கிக்கொண்டது. கடையில் ஒன்று இருநூற்றைம்பது சொல்கிறார்கள். இந்தத் தடவை நானே செய்து வர்ணமும் பூசி எடுத்து வருகிறேன். அது முழுகப் பாரம் வேண்டுமே, அதற்கு ஒன்றரைக் கிலோ ஈயம் கிடைத்திருக்கிறது. சாயங்காலம் உருக்கி வார்க்க வேண்டும். பையனும் கூட நிற்பானாம்.

ஜெனி, 10:16
அண்ணா, எங்கே வைத்து உருக்கப் போகிறாய்?

ஆண்டனி, 10:16
அடுப்படியில்தான். வேறு எங்கே? பழைய இரும்புச் சட்டி ஒன்று இருக்கிறது.

ஜெனி, 10:21
வேண்டாம். தயவுசெய்து இன்று அடுப்பைப் பற்ற வைக்காதே, நான் சொல்வதைக் கேள். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், சமையல் அடுப்பே போதும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சட்டி அளவுக்கு மேல் சூடானால் ஆவி எழும். மேலே சாம்பல் மாதிரிக் கசடு படியும். அதை வழித்துப் போடும்போது தூளாகி மேடையிலும் பாத்திரத்திலும் தரையிலும் உட்காரும். கண்ணுக்குத் தெரியாது, வாசமும் வராது. பையனுக்கு ஆறு வயது. பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பில் ஈயம் அதிகமாக ஏறும். ஏறினால் மூளை வளர்ச்சியைத்தான் தொடும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆண்டனி, 10:23
இவ்வளவு இருக்கிறதா? சித்தப்பாவும் அந்தக் காலத்தில் முற்றத்தில் வைத்து உருக்கினவர்தானே.

ராஜன், 10:40
மக்கா, ஜெனி சொல்வதுதான் சரி. நான் உருக்கினேன், உண்மை. 98-ல் ஆனி மாசம், கடல் கிடந்து கொந்தளித்த நேரம். வலைக்கு ஈயம் வார்க்க மணலில் அச்சுக் குத்தி வைத்திருந்தேன். மணல் காய்ந்துவிட்டது என்று நினைத்தேன், அடியில் ஈரம் இருந்திருக்கிறது. ஊற்றின மறுநொடி டப்பென்று வெடித்து இடது முழங்கையில் தெறித்தது. தழும்பைச் சின்ன வயதில் நீ தடவிப் பார்த்திருக்கிறாய். இன்னும் மேலே தெறித்திருந்தால் கண் போயிருக்கும்.

பிளெஸ்ஸி, 10:44
தண்ணீர் ஆவியானால் சுமார் ஆயிரத்து அறுநூறு மடங்கு விரியும் அண்ணா. அப்பா கையில் பட்டது ஒரு சொட்டு ஈரத்தின் வேலை.

மேரி, 10:52
ஆண்டனி, அந்தச் சட்டியைத் தூக்கி வெளியே வை. இனிமேல் சமையலுக்கு எடுக்காதே.

ஆண்டனி, 10:58
வெளியே வைத்துவிட்டேன் அம்மா. ஆனால் தூண்டில் செய்யும் ஆசை போகவில்லை. பையன் நேற்றே ஒரு தாளில் இறால் வரைந்து வர்ணம் தீட்டி வைத்திருக்கிறான்.

ராஜன், 11:30
செய்யலாமே. யார் வேண்டாம் என்றது? அடுப்பே இல்லாமல் செய்கிற வழி சொல்கிறேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ராஜன், மதியம் 2:15
முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள். மீன் வாயால் கடிக்கும். கணவாய் கையால் பிடிக்கும். எட்டுக் கை, அதைவிட நீளமாக இரண்டு. இறாலுக்குப் பின்னால் வந்து நின்று அந்த இரண்டை அம்பு மாதிரி விட்டு இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கணவாய்த் தூண்டிலின் வால்பக்கம் குடை விரித்த மாதிரி ஊசிகள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. எதிர்முள் கிடையாது. கை அந்த ஊசிகளில் மாட்டும், நாம் தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, தளரவிடாமல் இழுத்துக்கொண்டே வரவேண்டும். ஒரு நொடி தளர்ந்தாலும் கழன்றுவிடும்.

உடம்புக்கு முருக்குத்தடி எடு. முள்முருக்கு லேசான மரம், கத்திக்கு வெண்ணெய் மாதிரி வரும். நாலு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட நீளம், பத்து சென்டிமீட்டர் போதும். தலை கூர், நடு பருமன், வால் ஒடுங்கல். இறால் மாதிரியே செதுக்க வேண்டும் என்று மெனக்கெடாதே.

ஈயத்துக்குப் பழைய வலையில் கிடக்கிற ஈயமணி இருக்கிறதே, அதுவே போதும். பிளந்து நெஞ்சுப்பக்கம் பொருத்தி, இடுக்கியால் அழுத்திவிடு. நெருப்பு வேண்டாம். கையுறை போட்டுக்கொள், அரம் போட்டு ராவாதே, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. இந்த வேலையைப் பையனிடம் கொடுக்காதே. பழைய பேட்டரிக்குள் இருக்கும் ஈயத்தைத் தொடவே வேண்டாம், அதில் ஆசிட் உண்டு.

ஆண்டனி, 2:31
ஒரு தூண்டிலுக்கு எத்தனை ஈயமணி சித்தப்பா?

ராஜன், 2:38
அதை நான் சொல்ல முடியாது, தண்ணீர்தான் சொல்லும். ஒரு மணி பொருத்து, தண்ணீரில் போடு. மிதந்தால் இன்னொன்று. முழுகும்போது மூக்கு முதலில் சாய்ந்து, வால் மேலே நிற்க வேண்டும். சும்மா கல் மாதிரி விழுந்தால் கணவாய் பக்கத்தில் வராது. இறால் செத்தாலும் அப்படி விழாது.

பிளெஸ்ஸி, 2:50
ஜப்பானில் இந்தத் தூண்டிலுக்கு எகி என்று பெயர் அண்ணா. மரத்தில் செதுக்கி, துணி சுற்றி, பல தலைமுறையாகச் செய்கிறார்கள். அங்கே அதிகம் விற்கிற நடுத்தர அளவு ஒரு மீட்டர் இறங்க மூன்று, மூன்றரை விநாடி எடுக்கும். இருபது கிராம் இருக்கும். அப்படியானால் வாளியில் முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு விநாடி. போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வாளியில் இருபது லிட்டர் என்றால் எழுநூறு கிராம் கல்லுப்பு கரையுங்கள். கடல்நீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. சாதாரணத் தண்ணீரில் பார்த்தால் கணக்குத் தப்பும், கடலில் இன்னும் மெதுவாக இறங்கும்.

ராஜன், 2:54
இவள் சொல்கிற மூன்றரை விநாடி எனக்கு எண்ணிப் பழக்கம் இல்லை. ஆனால் என் தூண்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் இறங்கும், கையில் தெரியும். ஆழமான பாருக்கு, அதாவது கடலடிப் பாறைக்கு, பத்து பாகம் பதினைந்து பாகம் (ஒரு பாகம் இரண்டு கையையும் விரித்த நீளம்) என்றால் ஒரு மணி கூட. நீரோட்டம் இழுக்கிற நாளிலும் கூட்டு.

9 ஜூன், திங்கள்

ஆண்டனி, இரவு 9:05
[படம்]
மூன்று உடம்பு செதுக்கியாயிற்று. பையன் மணல்தாளால் தேய்த்தான், ஈயத்தைத் தொடவிடவில்லை. நாளைக்கு வர்ணம். சிவப்பா, பச்சையா? அவன் தாளில் வரைந்தது பளீர் ரோஸ்.

ராஜன், 9:12
நாங்கள் பச்சைதான் கட்டுவோம், இறால் பச்சை.

பிளெஸ்ஸி, 9:20
அப்பா, ஒன்று சொல்கிறேன், இந்த வருஷம் வகுப்பில் படித்தது. பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் ஒளியை உணரும் நிறமி ஒரே ஒரு வகைதான் இருக்கிறது. நமக்கு நிறம் பார்க்க மூன்று. ஒன்றே ஒன்று என்றால் நிறம் பிரித்துப் பார்க்க முடியாது. கறுப்பு வெள்ளை டிவி மாதிரி. அந்த ஒன்றும் நீலப்பச்சை ஒளிக்குத்தான் நன்றாக வேலை செய்யும். போதாததற்குச் சிவப்பு ஒளியைக் கடல்நீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும், அதற்குக் கீழே சிவப்புத் தூண்டில் கறுப்பாகத்தான் தெரியும்.

ஜெனி, 9:23
அப்படியானால் உடம்பு நிறம் மாற்றுகிறதே, பாறை மேல் போனால் பாறை மாதிரி?

பிளெஸ்ஸி, 9:27
அதுதான் எனக்கும் பெரிய ஆச்சரியம் அக்கா. நிறம் தெரியாத பிராணி நிறத்தைப் பொருத்துகிறது. ஆனால் நமக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரியும். ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அது பார்க்கும். இறால் ஓட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அது வேறு மாதிரி பார்க்கக்கூடும்.

ராஜன், 9:41
மக்ளே, நீ சொல்லச் சொல்ல எனக்கு என் அப்பாவின் தூண்டில் ஞாபகம் வருகிறது. அவர் பெயின்ட் அடித்ததே கிடையாது. வெள்ளைத் துணி, அதன் மேல் கறுப்பு நூலால் முதுகில் கட்டு. அவ்வளவுதான். அதிலேயே கொட்டுக் கொட்டாகக் கொண்டுவருவார். நாங்கள் பிறகு வந்த கடைத் தூண்டிலைப் பார்த்துப் பச்சை, ரோஸ் என்று மாறினோம்.

பிளெஸ்ஸி, 9:44
தாத்தா செய்ததுதான் சரி அப்பா. முதுகு இருட்டு, வயிறு வெளிச்சம். அந்த வித்தியாசம்தான் அதற்குத் தெரிகிறது.

ராஜன், 9:49
அப்படியென்றால் ஆண்டனி, பையன் ரோஸ் பூசட்டும். பிள்ளை ஆசையாக வரைந்தது. ஆனால் முதுகை ஒரு கை கறுப்பாக்கு, வயிறு வெள்ளை விடு.

ஜெனி, 9:55
ஒரு விஷயம். வீட்டுக்கு அடிக்கிற பெயின்ட் வாங்கு. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2017 நவம்பரில் இருந்து சட்டம். டப்பாவில் போட்டிருக்கும், பார். தொழிற்சாலை வகைப் பெயின்டுக்கு அந்த வரம்பு இல்லை. படகுக்கு அடித்து மிச்சமான பளிச் மஞ்சளை யாராவது கொடுத்தால் வாங்காதே, காய்ந்த பிறகு தேய்க்கவும் தேய்க்காதே.

11 ஜூன், புதன்

ஆண்டனி, மாலை 6:30
[படம்]
வர்ணம் கெட்டுப்போய்விட்டது. நேற்று மரத்துக்கு வெள்ளை அடித்து, இன்று மேலே வார்னிஷ் விட்டேன். முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டது. பையன் அழுகிறான்.

ராஜன், 6:42
அழ வேண்டாம் என்று சொல். இங்கே மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிறது, உங்கள் பக்கமும் மழையா?

ஆண்டனி, 6:43
மத்தியானம் நல்ல மழை. பால்கனியில் கொடியில் தொங்க விட்டிருந்தேன்.

ராஜன், 6:58
அதுதான் காரணம். சீக்கிரம் காய்கிற வார்னிஷ் காயும்போது பூச்சைக் குளிர வைக்கும், காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் வியர்வை மாதிரி படியும். அந்த ஈரம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. வெயில் வந்ததும் அதே வார்னிஷை மெல்லிசாக ஒரு கை விடு, பெரும்பாலும் மறையும். மறையாவிட்டால் மேல்பூச்சை மட்டும் தேய்த்து எடு, நீயே தேய். இன்னொன்று, பூச்சு எப்போதும் மெல்லிசாக இரண்டு மூன்று கை. நீ ஒரே கையில் தடிமனாக விட்டிருப்பாய். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்.

கடைசியில் துணி சுற்றப்போகிறாய் என்றால் வார்னிஷ் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கத்தான், மினுக்குக்கு இல்லை. தலையும் வயிறும் மட்டும் வெளியே தெரியும். மைனியிடம், உன் அம்மாவிடம்தான், பழைய மெல்லிய புடவையில் ஒரு முழம் கேள். கணவாய்க்குக் கை ஒட்டிப் பிடிக்கத் துணி வேண்டும். வழுக்கும் பெயின்டை விட்டுவிடும்.

மேரி, 7:20
நீலப் புடவை ஒன்று இருக்கிறது, கிழித்துப் பார்சல் அனுப்புகிறேன். கண் வைக்க மறக்காதே. உன் அப்பா சொல்வார், கண் இல்லாத தூண்டில் குருட்டுத் தூண்டில் என்று.

ஆண்டனி, 7:26
கண்ணைப் பையனே வைப்பான் அம்மா. பெரிதாக, வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பு.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ராஜன், காலை 6:05
[படம்]
ஆண்டனி, எழுந்துவிட்டாயா? நீ லீவில் விட்டுவிட்டுப் போன மூன்றையும் நேற்று ராத்திரி எடுத்துப் போனேன். அமாவாசை கழிந்து மறுநாள், நல்ல இருட்டு, கடல் கிடந்தது குளம் மாதிரி. மொத்தம் பதினொன்று. ஆறு ஊசிக்கணவாய் சின்னது, ஐந்து ஓட்டுக்கணவாய். நாலு பையனுடைய ரோஸில், பாருக்கு ஓரமாக.

ஆண்டனி, 6:09
நாலா? இவன் கத்திய கத்தலில் பக்கத்து வீடு எழுந்துவிட்டது.

ராஜன், 6:18
மைனி அனுப்பின நீலத்துணி சுற்றினதை ஒரு பாறை பிடித்துக்கொண்டது, தங்கூசி அறுந்து போயிற்று. மூன்றாவது மூக்கு பாரம், கொஞ்சம் வேகமாக இறங்கியது, அதிலும் இரண்டு மட்டும் வந்தது. அடுத்ததில் முன்னால் இருக்கிற மணியைப் பாதி வெட்டி வை. ரோஸ் இறங்கினது எப்படி என்றால், நான் விட்டுக் கொடுக்கக் கொடுக்க, காய்ந்த இலை விழுகிற மாதிரி. கை விரலில் உணர்ந்தேன்.

பிளெஸ்ஸி, 6:22
அண்ணா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பையன் வைத்த கண்ணுக்குச் சற்றுப் பின்னால் துணியில் அரை நிலா மாதிரி ஒரு வெட்டு இருக்கிறது. கணவாய்க்குக் கிளிமூக்கு மாதிரி அலகு. இறாலின் தலைக்குப் பின்னால்தான் முதலில் கடிக்கும். இதையும் இறால் என்றே நினைத்துக் கடித்திருக்கிறது.

ஆண்டனி, 6:26
அவன் அந்தக் கடித் தடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தைக்க வேண்டாம், அப்படியே அனுப்பி வையுங்கள் சித்தப்பா, பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டணும் என்கிறான்.

ராஜன், 6:31
இப்போது முடியாது மக்கா. இன்று ராத்திரியும் அதைத்தான் போடப் போகிறேன். சீசன் முடியட்டும், அவன் கையிலேயே கொடுக்கிறேன்.