நியாம்னா எரிவாயு ஆலையின் டிஜிட்டல் ட்வின்: கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

குழாய்மானி:
நார்வேயின் நியாம்னா எரிவாயு ஆலைக்காக ஷெல் நிறுவனமும் கோங்ஸ்பெர்க் டிஜிட்டலும் 2019இல் கைகோத்த டிஜிட்டல் ட்வின் (ஆலையின் நேரடி அளவீடுகளைக் கொண்டு கணினியில் ஓடும் அதன் நகல் மாதிரி) பணியை இத்துறையினர் அடிக்கடி முன்னுதாரணமாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு வியப்பில்லை. ஆலையின் இயக்கத்தைக் கணிக்கும் கே-ஸ்பைஸ் சிமுலேட்டரையும், குழாய்க்குள் வாயுவும் திரவமும் சேர்ந்து ஓடுவதைக் கணக்கிடும் லெடாஃப்ளோவையும் கோங்ஸ்பெர்க் குழுமம் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தது. அவற்றின் மேல் முப்பரிமாணத் திரையொன்றைப் போர்த்தி, கோக்னிட்வின் என்று பெயரிட்டுச் சந்தா வசூலிப்பதற்கு இத்தனை ஆரவாரம் தேவையா?

அலைவாய்:
திரையைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நியாம்னாவுக்கு எரிவாயு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ஓர்மன் லாங்கே என்னும் கடலடி எரிவாயு வயலின் கிணறுகள் கரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், 800 முதல் 1,100 மீட்டர் ஆழத்தில் உள்ளன. கடல்மேல் மேடை எதுவும் கிடையாது. கடலடியின் கடுங்குளிரில் ஹைட்ரேட் என்னும் பனிக்கட்டி போன்ற திண்மம் குழாயை அடைத்துவிடாதிருக்க, கரையிலிருந்து கிளைகால் (glycol) என்னும் உறைதடுப்புத் திரவத்தைத் தனிக்குழாயில் அனுப்பிக் கலக்கிறார்கள். அது நீரோடும் எரிவாயுவோடும் சேர்ந்து கரைக்குத் திரும்பியாக வேண்டும். ஓட்டத்தைக் குறைத்தால் திரவம் குழாயின் தாழ்ந்த பகுதிகளில் தேங்கும். மீண்டும் கூட்டும்போது அது திரண்டு வந்து வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும், ஆலை வாயிலின் பிரிகலனைத் திணறடிக்கலாம். வடிவமைப்புக் காலத்தில் ஓட்டிப் பார்த்த சிமுலேஷன், இப்படி நேரக்கூடும் என்று மட்டுமே சொல்லும். இந்த நேரத்தில் குழாயில் எவ்வளவு திரவம் கிடக்கிறது, ஓட்டத்தை எவ்வளவு விரைவாகக் கூட்டலாம் என்பதை, நேரடி அளவீடுகளோடு இடைவிடாமல் ஓடும் மாதிரியால்தான் மதிப்பிட முடியும்.

குழாய்மானி:
அந்த அளவீடுகள் சரியாக இருக்கும்வரைதான் இந்த வாதம் நிற்கும். கடலடியில் உள்ள அழுத்தமானியை நினைத்த நேரத்தில் கழற்றிச் சரிபார்க்க இயலாது. அது மெல்லப் பிசகும்போது, மாதிரியும் மானியும் ஒத்துப்போகட்டும் என்று யாராவது மாதிரியில் உள்ள உராய்வுக் கெழுவை (குழாய்ச் சுவரின் உராய்வைக் குறிக்கும் எண்ணை) மாற்றிவிட்டால், அதன் பிறகு மாதிரி மானியின் பிழையையே திருப்பிச் சொல்லும். பராமரிப்பு நிறுத்தத்தில் மாற்றப்பட்ட வால்வு மாதிரியில் ஏறாமலே போவதும் உண்டு. விற்பனைக் கூட்டங்களில் இவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அலைவாய்:
ஒரேயொரு மானி பிசகினால், நிறைச் சமநிலைக் கணக்கு (உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துப்போக வேண்டும் என்னும் கணக்கு) இடிப்பதைக் கொண்டே பெரும்பாலும் அதை அடையாளம் காணலாம். வால்வு விஷயம் உண்மைதான். ஆனால் அது மாதிரியைப் பேண நிரந்தரமாக ஆள் ஒதுக்க வேண்டும் என்பதற்கான காரணமே தவிர, மென்பொருளே வேண்டாம் என்பதற்கான காரணமன்று.

கட்டுப்பாட்டறை:
தரவு யாருடையது என்பதை இருவரும் விட்டுவிட்டீர்கள். ஆக்கர் பிபி என்னும் எண்ணெய் நிறுவனம் நார்வேயின் வால்ஹால் எண்ணெய் வயலில் உள்ள ஒரு கம்ப்ரசரின் அளவீடுகளை, காக்னைட் மென்பொருள் நிறுவனத்தின் வழியாக 2018இல் எவரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. அளவீடுகளை வெளியே எடுப்பது எளிது. பல ஆண்டுகள் திருத்திச் செம்மைப்படுத்திய கெழுக்களையும், ஒவ்வொரு கருவியின் எண்ணையும் வரைபடத்தோடு இணைத்த பட்டியலையும் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது எடுத்துச் செல்ல முடியுமா?

குழாய்மானி:
அவை ஆலையின் உடைமை என்றும், ஆலையில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் குறித்த கெடுவுக்குள் மாதிரியில் ஏற்றப்படும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், சந்தாவை நான் எதிர்க்க மாட்டேன். அப்படி எழுதவில்லையென்றால், லெடாஃப்ளோ உரிமமும் அதை நன்கறிந்த இரண்டு பொறியாளர்களும் போதும்.