எல்கேஜி டீச்சர் ஆக எந்தப் படிப்பு? 33 வயதில் தொடங்கலாமா?

கரூர்_தென்றல்

எல்லோருக்கும் வணக்கம். வயது 33, படித்தது பி.காம். கல்யாணத்துக்கு முன் இங்கே ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்த்தேன், அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. சின்னவன் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு, அதனால் காலை ஒன்பதிலிருந்து நாலு மணிவரை என் கையில் நேரம் இருக்கிறது.

சின்னக் குழந்தைகளோடு இருக்கிற வேலைதான் வேண்டும். எல்கேஜி, யுகேஜி, ப்ளே ஸ்கூல், எதுவானாலும் சரி. விசாரிக்கப் போனால் தலை சுற்றுகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாத என்டிடி (நர்சரி டீச்சர் பயிற்சி) கோர்ஸ், 38,000 ரூபாய், "அரசு அங்கீகாரம் பெற்றது, நூறு சதவீதம் வேலை" என்கிறார்கள். என் தோழி மாண்டிசோரி படி என்கிறாள். மாமியார், அங்கன்வாடிக்கு எழுதிப் போடும்மா, அது கவர்மென்ட் என்கிறார். இக்னோ திறந்தவெளிப் பல்கலைக்கழகத்திலும் ஏதோ இருக்கிறதாம். டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுத வேண்டுமா என்றுகூடத் தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நாமக்கல்_மிஸ்

நான் ஒரு நர்சரி பள்ளியில் ஒருங்கிணைப்பாளர், டீச்சர் எடுக்கும்போது நேர்காணலில் உட்காருகிறவள். முதல் காரியம், அந்த 38,000-ஐ இப்போதைக்குக் கட்டாதீர்கள்.

"அரசு அங்கீகாரம்" என்றால் எந்த அரசு, எந்தத் துறை, என்ன எண் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு டிரஸ்ட் பதிவுச் சான்றிதழையோ ஐஎஸ்ஓ காகிதத்தையோ எடுத்து நீட்டுவார்கள். அது அந்த அமைப்பு பதிவாகியிருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி, படிப்புக்கு இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு அங்கீகாரம் தருவது என்சிடிஇ, அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். முன்பருவப் பள்ளி ஆசிரியருக்கு அவர்கள் வைத்திருக்கும் தகுதி, பிளஸ் டூவில் 50 சதவீதம், அதோடு இரண்டு வருடத்துக்குக் குறையாத நர்சரி அல்லது முன்பருவக் கல்வி டிப்ளமோ, இல்லையென்றால் பி.எட். நர்சரி. ஆறு மாதமும் ஒரு வருடமும் இந்தக் கணக்கிலேயே வராது. கேந்திரிய வித்யாலயாக்களில் இப்போது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய பாலவாடிகா வகுப்பு நடக்கிறதே, அங்கே ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கும்போதும் இந்த இரண்டு வருடக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

டெட் பயம் வேண்டாம். கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வரைதான், டெட் அதற்கான தேர்வு. எல்கேஜி அதற்கு வெளியே.

அப்படியானால் ஊரெல்லாம் ஆறு மாத சர்ட்டிபிகேட்டோடு எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். தனியார் பள்ளிகளில் பார்ப்பார்கள்தான், நானே எடுத்திருக்கிறேன். ஆனால் அவர்களை அந்தக் காகிதத்துக்காக எடுக்கவில்லை. டெமோ கிளாஸில் குழந்தைகளோடு எப்படி இருந்தார்கள் என்று பார்த்து எடுத்தது. காகிதமே இல்லாமல் வந்த ஒருவரையும் எடுத்திருக்கிறோம். சம்பளம் மட்டும் கேட்காதீர்கள், எங்கள் பக்கம் 7,000, 8,000 என்றுதான் ஆரம்பிக்கிறது.

ஒரு யோசனை: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நர்சரியில் உதவி டீச்சராகக் கொஞ்ச நாள் போய்ப் பாருங்கள். ஜூன் மாதம் என்றால் இன்னும் நல்லது. புதுசாகச் சேர்ந்த இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் "அம்மாகிட்ட போணும்" என்று அழும், இரண்டு பேர் வாந்தி எடுக்கும், ஒருத்தன் கேட்டைத் தாண்ட ஓடுவான். அந்த வாரம் முடிந்த பிறகும் மறுநாள் போக மனசு வந்தால், அப்புறம் எந்தப் படிப்பு என்று யோசிக்கலாம்.

பால்வாடி_செல்வி

மாமியார் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள் அக்கா. நான் விழுப்புரம் பக்கம் அங்கன்வாடிப் பணியாளர். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் மையங்கள் இருக்கின்றன, ஆள் ஓய்வு பெறப் பெற இடம் விழுந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2025-ல் 7,783 இடங்களுக்கு வந்தது. பணியாளருக்குப் பிளஸ் டூ, உதவியாளருக்குப் பத்தாவது. முதல் வருடம் தொகுப்பூதியம் 7,700, அப்புறம் 7,700 – 24,200 என்று சிறப்புக் காலமுறை ஊதியம். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்பார்கள், அதனால் உங்கள் வார்டிலோ பக்கத்து ஊரிலோ காலியிடம் இருக்கிறதா என்று வட்டார குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

ஆனால் இதை "டீச்சர் வேலை" என்று மட்டும் நினைத்து வராதீர்கள். பாதி நாள் பாடம் என்றால் பாதி நாள் பதிவேடு. காலையில் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" பாடத்திட்டப்படி பாட்டு, கதை, விளையாட்டு நடத்த வேண்டும். அப்புறம் சாப்பாடு, வாரத்துக்கு மூன்று முட்டை, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு, மாதாமாதம் எடை, உயரம். ரொம்ப மெலிந்த குழந்தை என்றால் மேல்கையின் நடுவில் அளவு நாடா சுற்றிப் பார்ப்போம், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இத்தனையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், எங்கள் ஊரில் டவர் கிடைக்க ஏரிக்கரைக்குத்தான் போகணும்! தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, வீடு பார்வை எல்லாம் உண்டு.

என்னைக் கேட்டால், ஒரு பிள்ளையின் வளர்ச்சியைப் பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை கூடவே இருந்து பார்க்கிற வேலை இது ஒன்றுதான். நர்சரி மிஸ்ஸுக்கு அந்தக் குழந்தை மூன்று வயதில்தான் அறிமுகம். எனக்கு அது அம்மா வயிற்றில் இருக்கும்போதே தெரியும்.

அடையார்_மணிகள்

மாண்டிசோரி பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். குழந்தைகள் அதற்கென்றே செய்த சாமான்களைக் கையாண்டு தாங்களே கற்கும் முறை அது. சென்னையில் 3–6 வயதுக்கான ஏஎம்ஐ (சர்வதேச மாண்டிசோரி சங்கம்) டிப்ளமோ முடித்து ஒரு மாண்டிசோரி வீட்டில், அதாவது அந்த முறையில் நடக்கும் மழலையர் பள்ளியில், வேலை பார்க்கிறேன். மரியா மாண்டிசோரி அம்மையாரே 1939-ல் அடையாறு பிரம்மஞான சபை அழைத்து வந்து இங்கே பயிற்சி நடத்தியவர், அதனால் இந்த ஊரில் அதற்கு நல்ல வேர் இருக்கிறது.

வெளியே "மாண்டிசோரி" என்று போர்டு போட்டதெல்லாம் மாண்டிசோரி இல்லை, அந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். ஆன்லைனில் மூன்று மாதத்தில் மாண்டிசோரி சர்ட்டிபிகேட் என்று வருவதை நம்பாதீர்கள். சாமான்களைக் கையில் எடுத்துப் பழகாமல் அதைக் கற்க வழியே இல்லை. உதாரணத்துக்கு இளஞ்சிவப்புக் கோபுரம். பத்து மரக்கட்டைகள், சின்னது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து. நீங்கள் பாயை விரிக்க வேண்டும், ஒவ்வொரு கட்டையாக அலமாரியிலிருந்து கொண்டு வர வேண்டும், பத்தையும் அள்ளிக்கொண்டு வரக் கூடாது, குழந்தைக்குக் காட்டும்போது வாயைத் திறக்கவே கூடாது. பயிற்சியில் இதை நாம் செய்து காட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குழந்தையாக நடிப்பார். முதலில் சிரிப்பு வரும். பேசாமல் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்புறம்தான் புரியும், அதிலும் நம்மைப் போல வாய் ஓயாத ஆட்களுக்கு.

ஒவ்வொரு சாமானையும் எப்படிக் காட்டுவது என்று நாமே ஆல்பம் என்கிற குறிப்பேடு எழுத வேண்டும், வகுப்பில் மூலையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கவனித்துக் குறிப்பு எடுக்க வேண்டும், கடைசியில் வாய்மொழித் தேர்வு. ஃபீஸ் லட்சத்தைத் தாண்டும், கரூரிலிருந்து என்றால் தங்கும் செலவு வேறு. பெரிய ஊர்களில் சம்பளம் பரவாயில்லை, ஆனால் கரூரில் நல்ல மாண்டிசோரி வீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். படித்துவிட்டு வந்து ஏ ஃபார் ஆப்பிள் எழுத வைக்கிற பள்ளியில் மாட்டினால் படித்தது அத்தனையும் உள்ளே புழுங்கும்.

ஒரு_அப்பா

எல்லோரும் நல்லா சொல்றீங்க, கசப்பானதையும் யாராவது சொல்லணும். என் மனைவி டி.டெட். (ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ) முடித்தவர். 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி யுகேஜி தொடங்கினார்கள், நல்ல திட்டம். 2022-ல் அதற்குச் சிறப்பாசிரியர் போட்டபோது தொகுப்பூதியம் எவ்வளவு தெரியுமா? மாதம் 5,000. இரண்டு வருடம் படித்த ஒருவருக்கு! மூன்று வயதுப் பிள்ளையைப் பார்ப்பது "பெண்கள் வீட்டில் சும்மா செய்கிற வேலைதானே" என்கிற நினைப்பு அரசுக்கும் இருக்கிறது, தனியாருக்கும் இருக்கிறது. சம்பளம்தான் குடும்பத்துக்கு முக்கியம் என்றால் உங்கள் பி.காமை வைத்து டேலி, ஜிஎஸ்டி பக்கம் போங்கள் சகோதரி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரூர்_தென்றல்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு_அப்பா சார், தப்பாக எடுக்கவில்லை, வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். ஆனால் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பப் போக மனசே இல்லை.

இன்னும் மூன்று சந்தேகம். செல்வி, அங்கன்வாடிக்கு வயது வரம்பு உண்டா? இக்னோ படிப்பு பிரயோஜனமா? நாமக்கல் மேடம், டெமோ கிளாஸில் என்னதான் பார்ப்பீர்கள்?

பால்வாடி_செல்வி

பணியாளருக்கு 25-லிருந்து 35 அக்கா. விதவை, கணவரால் கைவிடப்பட்டவர், எஸ்சி, எஸ்டி என்றால் 40 வரை, மாற்றுத்திறனாளிக்கு 38. உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது, அதனால் குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, மார்க் ஷீட் எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கல்யாணம் ஆகி வந்தவர்களுக்கு முகவரி பிறந்த ஊரிலேயே நின்றுபோய், உள்ளூர் ஆள் இல்லை என்று தள்ளிவிடுவார்கள்.

ஓசூர்_டேகேர்

இக்னோ பற்றி நான் சொல்கிறேன், அதைப் படித்துவிட்டுத்தான் டே கேர் நடத்துகிறேன். டிஇசிஇ (மழலைப் பருவப் பராமரிப்பு, கல்வி டிப்ளமோ) என்று பெயர், பிளஸ் டூ போதும், குறைந்தது ஒரு வருடம், மூன்று வருடம் வரை இழுத்து முடிக்கலாம். மேலே சொன்ன இரண்டு வருட விதிக்குள் இதுவும் வராது. ஆனால் குழந்தை வளர்ச்சி, சத்துணவு, தடுப்பூசி, மையம் நடத்துவது எல்லாம் ஒழுங்காகப் பாடமாக இருக்கும், கடைசியில் குழந்தைகளோடு செய்யும் ப்ராஜெக்ட் உண்டு. அந்த இன்ஸ்டிட்யூட் கேட்பதில் ஒரு பகுதிதான் ஃபீஸ். வீட்டிலிருந்தே படிக்கலாம்.

பள்ளியை மட்டுமே பார்க்காதீர்கள். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கணும் என்பது சட்டம். கரூரில் அத்தனை டெக்ஸ்டைல் யூனிட் இருக்கிறதே, எத்தனையில் உண்மையாக நடக்கிறது என்று போய்ப் பாருங்கள், நடக்கிற இடத்தில் பயிற்சி பெற்ற ஆள் இருக்க மாட்டார்.

எந்தப் படிப்பானாலும் முதலுதவி தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள், பாதி கோர்ஸில் அது பேருக்குத்தான் இருக்கும். முழு கடலை, திராட்சைப் பழம் தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்று பொம்மையில் செய்து பார்த்திருக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலை தாழ்ந்திருக்கும்படி முதுகில் ஐந்து தட்டு, திருப்பி மார்பில் ஐந்து அழுத்து. பெரிய குழந்தைக்கும் முதலில் முதுகில் ஐந்து தட்டு, ஆனால் அப்புறம் மார்புக்குப் பதில் வயிற்றில் ஐந்து அழுத்து. வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டு நோண்டவே கூடாது. எங்கள் மையத்தில் ஆயா உட்பட எல்லோரும் இதைச் செய்து காட்டிய பிறகுதான் குழந்தையைக் கையில் கொடுப்போம்.

நாமக்கல்_மிஸ்

டெமோவுக்கு சார்ட், பப்பெட் என்று பை நிறையத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதைப் பார்த்து நாங்கள் மயங்குவதில்லை. நிற்கிறீர்களா, தரையில் அவர்கள் உயரத்துக்கு உட்காருகிறீர்களா என்று முதலில் பார்ப்பேன். பாட்டு சொல்லும்போது பின்னால் ஒரு பிள்ளை ஷூ நாடாவைக் கடித்துக்கொண்டிருக்கும், அது உங்கள் கண்ணில் படுகிறதா? ஒருத்தன் எழுந்து ஓடினால் மற்ற பத்தொன்பது பேரை என்ன செய்கிறீர்கள்? பேர் கேட்டு, அடுத்த நிமிடம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கிலீஷ் தடுமாறினால் பரவாயில்லை, எங்களுக்கு அது பிரச்சினை இல்லை. சில பள்ளிகளில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

அப்புறம் வேலைக்குச் சேரும் பள்ளியையும் நீங்கள் டெமோ பாருங்கள். குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையத்தின் வழிகாட்டுதல்படி ப்ளே ஸ்கூலில் 20 பிள்ளைக்கு ஒரு டீச்சர், ஒரு பராமரிப்பாளர் இருக்கணும். 35 பேரை உங்கள் தலையில் கட்டிவிட்டு, ஆயாவும் வாசல் பெருக்கப் போயிருந்தால், சம்பளம் ஆயிரம் கூடத் தந்தாலும் அங்கே சேராதீர்கள். ஜூன் சேர்க்கைக்கு ஏப்ரலிலேயே ஆள் தேடுவார்கள், பயோடேட்டாவை இப்போதே கொண்டுபோய் நேரில் கொடுங்கள்.